டிரெய்லரின் உயரத்தைக் குறைப்போம்: எருக்கூடை தோளுக்கு மேலே போக வேண்டாம்

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. ஒரு ஆள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் காட்டில் இறைத்துவிட்டு அரை மணியில் வந்துவிடுவார். நம்முடைய இடுபொருள் அப்படியில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையில் பல பயிர்களுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்று இருக்கும். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 5 டன். இதோடு மூடாக்குக்குத் தழை, வைக்கோல், தென்னை மட்டை, மண்புழு உரம், அமிர்தக்கரைசல் பீப்பாய் எல்லாம் சேரும். இயற்கை விவசாயத்தில் செலவு எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பங்கு சுமந்து போவதில்தான் போகிறது.

வங்கியில் வேலை பார்த்த பழக்கம், எதையும் எழுதிக் கூட்டிப் பார்ப்பேன். 5 டன் எருவை 20 கிலோ கூடையில் அள்ளினால் 250 கூடை. என் டிரெய்லரின் பக்கப் பலகை மேல்விளிம்பு தரையிலிருந்து 50 அங்குலம். 250 கூடையையும் 50 அங்குலம் தூக்கினால் 12,500 அங்குலம், அதாவது 1,040 அடிக்கு மேல். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர், சுமார் 272 அடி. நான்கு பேர் எரு ஏற்றினால், ஏக்கருக்கு ஆளுக்கு ஒரு மலைக்கோட்டை. அதுவும் கையில் 20 கிலோ சுமையோடு.

எரு ஏற்ற வருகிறவர்கள் யார்? எங்கள் ஆட்டையாம்பட்டிப் பக்கம் இளவட்டங்கள் தறிக்கும், லாரிக்கும், சேலம் டவுனுக்கும் போய்விடுகிறார்கள். தோட்ட வேலைக்கு மிஞ்சியிருப்பது ஐம்பது தாண்டிய பெண்கள்தான். ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்குத் தோள் ஏறக்குறைய 49 அங்குலத்தில் இருக்கும். ஆக, 50 அங்குல விளிம்பு என்றால் ஒவ்வொரு கூடையும் தோளைத் தாண்ட வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு வரும் ஒரு அம்மா சொன்னார்: "கூடை ஒண்ணும் பாரமில்லீங்க சார், அத்தனை உசரம் ஏத்தறதுதான் பாரம்." அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கான நியோஷ் நிறுவனம் 1994-ல் வெளியிட்ட தூக்குதல் கையேடும் அதையேதான் சொல்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்று ஆரம்பித்து, சுமை தரையிலிருந்து 75 செ.மீ., அதாவது 30 அங்குல உயரத்தை விட்டு மேலேயோ கீழேயோ தள்ளத் தள்ள அந்த எடையைக் குறைத்துக்கொண்டே போகிறது. உடம்பைத் திருப்பித் தூக்கினால் இன்னும் குறைக்கச் சொல்கிறது.

அதனால் டிரெய்லரின் உயரத்தைக் குறைப்பது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை. ஆள் கிடைக்குமா, வந்த ஆளுக்கு அடுத்த நாள் முதுகு நிமிருமா என்கிற கேள்வி இது. எப்படிக் குறைப்பது, எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

நம் டிரெய்லர்கள் ஏன் உயரமாக இருக்கின்றன?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சங்ககிரியில் லாரி. இந்த முக்கோணத்துக்குள் எந்த வெல்டிங் பட்டறைக்குப் போனாலும் கை லாரி வேலைக்குப் பழகியிருக்கும். மினி டிராக்டருக்கு ஒரு சின்ன டிரெய்லர் வேண்டும் என்றால், காயலான் கடையில் ஒரு ஆக்சிலும் இரண்டு ஜீப் சக்கரமும் வாங்கி, ஆக்சிலுக்கு மேலே பட்டை, பட்டைக்கு மேலே சேசிஸ், சேசிஸுக்கு மேலே தளம் என்று குட்டி லாரியாகக் கட்டிவிடுவார்கள். தளம் சக்கரத்துக்கு மேலே உட்காரும். 29 அங்குலச் சக்கரம், அதற்கு மேல் பட்டை ஆட 4 அங்குல இடைவெளி, பிறகு தகடு. 34 அங்குலத்துக்குக் குறைந்து தளம் வர வழியே இல்லை.

பழைய கட்டை வண்டியில் சக்கரம் ஆள் உயரம் இருந்ததற்குக் காரணம் உண்டு. பெரிய சக்கரம் பள்ளத்தையும் கல்லையும் எளிதாகத் தாண்டும். மாட்டுக்கு இழுவை குறையும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் என். எஸ். இராமசாமி மாட்டு வண்டியைச் சீர்திருத்தப் பல ஆண்டுகள் பாடுபட்டார். மாட்டின் கழுத்தில் விழும் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இழுக்கிற மாட்டைப் பற்றி அப்படி யோசித்தவர்கள் இருந்தார்கள். ஏற்றுகிற ஆளைப் பற்றி யோசிக்க வேண்டியது நாம்தான்.

முதலில் அளந்து எழுதுங்கள்

பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டில் இந்த ஆறு அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். டயரில் சரியான காற்று இருக்கட்டும். வெறும் வண்டியில் ஒரு தடவை, முழுப் பாரத்தோடு ஒரு தடவை அளக்க வேண்டும்.

1. தரையிலிருந்து தளம்.
2. தரையிலிருந்து பக்கப் பலகையின் மேல்விளிம்பு.
3. டயரின் உச்சிக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளி.
4. ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி.
5. வண்டியின் மிகத் தாழ்ந்த உறுப்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி.
6. டிராக்டர் கொக்கியின் உயரம், டிரெய்லர் இழுவைத் தண்டின் வளைய உயரம்.

கூடவே இன்னொன்று: தோட்டத்தில் வண்டி தாண்ட வேண்டிய வரப்பு, வாய்க்கால், பாத்திக்கரை ஆகியவற்றில் எது உயரமோ அதன் அளவு. ஐந்தாவது எண்ணையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வண்டியை எவ்வளவு இறக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

நான்கு வழிகள், நான்கு விலைகள்

முதல் வழி, சின்னச் சக்கரம். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். 6.00-16 ஜீப் டயர் ஏறக்குறைய 29 அங்குல உயரம். மினி சரக்கு வண்டிகளில் வரும் 145 ஆர் 12 டயர் ஏறக்குறைய 21 அங்குலம். வித்தியாசம் 8 அங்குலம், ஆனால் வண்டி இறங்குவது அதில் பாதி, 4 அங்குலம்தான். ஆக்சில் சக்கரத்தின் நடுவில் அல்லவா இருக்கிறது! இந்த 4 அங்குலத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். டயரின் பக்கவாட்டில் எடைக் குறியீட்டு எண் அச்சிட்டிருக்கும்: 80 என்றால் ஒரு டயர் 450 கிலோ தாங்கும், 86 என்றால் 530 கிலோ. 86 போட்ட இரண்டு டயர் 1,060 கிலோ. வெறும் வண்டி 300 கிலோ என்றால் மிச்சம் முக்கால் டன். ஒரு டன் ஏற்றி ஏக்கருக்கு 5 நடை போன வண்டி இனி 7 நடை போக வேண்டும். ஆக்சிலும் தரையை நெருங்கிவிடும். சின்னச் சக்கரம் உழவு மண்ணில் அதிகம் புதையும். அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றுவதால் பேரிங்குக்குக் கிரீஸும் சீக்கிரம் வைக்க வேண்டும். தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இது பொருந்தும். காட்டுக்குள் போகிற வண்டிக்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

இரண்டாவது வழி, ஆக்சிலுக்கு மேலே இருக்கும் கமான் பட்டையை ஆக்சிலுக்குக் கீழே கொண்டுபோவது. சக்கரம் மாறாது, எடை தாங்கும் திறனும் மாறாது. வண்டி இறங்கும் அளவு = ஆக்சிலின் கனம் + பட்டைக் கட்டின் கனம். 2 அங்குல ஆக்சில், 2 அங்குலப் பட்டைக் கட்டு என்றால் 4 அங்குலம். கீழே பட்டையும் யூ போல்ட்டும் தொங்குவதால் தரை இடைவெளி கொஞ்சம் குறையும். என் வண்டியில் 12 அங்குலம் 10 ஆனது. சின்னச் சக்கரமும் சேர்த்துப் போட்டிருந்தால் 6-க்கு வந்திருக்கும். எங்கள் மஞ்சள் காட்டு வரப்பில் தட்டி நின்றிருக்கும்.

மூன்றாவது வழி, தளத்தைச் சக்கரங்களுக்கு நடுவே இறக்குவது. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி. தளம் சக்கரத்துக்கு மேலே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், பெரிய சக்கரத்தை வைத்துக்கொண்டே 24 அங்குலத்துக்குப் பக்கத்தில் தளத்தைக் கொண்டுவரலாம். தளத்தின் அகலம் குறையும், அல்லது சக்கர இடைவெளியைக் கூட்ட வேண்டும். தென்னை வரிசைக்குள் அகலமான வண்டி போகும். பாக்குத் தோப்பில் போகாது.

நான்காவது வழிக்கு வெல்டிங்கே வேண்டாம். வண்டியை இறக்குவதற்குப் பதிலாக, எருக்குழி ஓரம் வண்டி நிற்கும் இடத்தை இறக்கிவிடலாம். இதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் செய்தது

நான் இரண்டாவதையும் நான்காவதையும் சேர்த்துக்கொண்டேன். 4 அங்குலத்தை நிரந்தரமாக இறக்கினேன். இன்னொரு 8 அங்குலம் ஏற்றுகிற இடத்தில் மட்டும். வரப்புத் தாண்டும்போது வண்டி உயரமாக இருக்க வேண்டும், கூடை ஏற்றும்போது தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு இடம்தானே!

பட்டறை வேலை இந்த வரிசையில் நடந்தது:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சேசிஸின் நான்கு மூலையிலும் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. டிராக்டரோடு மாட்டியிருந்தால் கழற்றிவிட வேண்டும். சக்கரங்களையும் கழற்றி எடுத்துவிடுவது நல்லது. காற்றுள்ள டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைத்தால் டயர் வெடிக்கும்.

2. யூ போல்ட்டைக் கழற்றி, ஆக்சிலைப் பட்டைக்கு மேலே கொண்டுவர வேண்டும். ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது. பல ஆக்சில்களில் நடுப்பகுதி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். திருப்பினால் சக்கரம் சாய்ந்து டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஆக்சில் அப்படியே இருக்க, பட்டைதான் இடம் மாற வேண்டும்.

3. பட்டை உட்காரும் தகட்டை ஆக்சிலின் அடிப்பக்கத்தில் புதிதாக அமைக்க வேண்டும். மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. பாரம் ஏறும்போது ஆக்சிலின் அடிப்பக்கம்தான் இழுபடும். அங்கே குறுக்காக வெல்டிங் வைத்தால் அந்த இடத்திலேயே விரிசல் விடும். தகட்டுக்கு இரு புறமும் காது வைத்து, ஆக்சிலின் பக்கச் சுவர்களில் நீளவாக்கில் மட்டும் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

4. பட்டைக் கட்டின் நடு போல்ட்டைத் திருப்பிப் போட வேண்டும். அதன் தலை மேலே வந்து, புதுத் தகட்டின் துளையில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் யூ போல்ட் தளர்ந்ததும் ஆக்சில் முன்னும் பின்னும் நகரும். நீளமான பட்டை எப்போதும்போல் மேலேதான் இருக்கும்.

5. யூ போல்ட் புதிதாக வாங்குங்கள். பழையது இழுபட்டு நீண்டிருக்கும். ஓட்டிய முதல் நாளும், முதல் வாரக் கடைசியிலும் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

6. ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே குறைந்தது 3 அங்குலம் மிஞ்ச வேண்டும். எனக்கு ஐந்துக்கு மேல் கிடைத்தது. குறைவாக இருந்தால் அங்கே ஒரு ரப்பர் கட்டை வையுங்கள்.

7. தளம் 4 அங்குலம் இறங்கியதும் டயரின் உச்சியில் முட்டும். டயருக்கு நேர் மேலே தகட்டை வெட்டி, 26 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 5 அங்குல உயரத்தில் ஒரு பெட்டி மூடி வைத்தோம். வேன்களில் உள்ளே சக்கரத்துக்கு மேடு இருக்குமே, அதே மாதிரிதான். குறுக்குச் சட்டம் வெட்டுப்பட்டால் பெட்டியின் இரு பக்கமும் புதுச் சட்டம் கொடுத்துவிட வேண்டும்.

8. பக்கப் பலகைகளில் ஒன்றைக் கீல் வைத்துத் தொங்குகிற கதவாக மாற்றினோம். முதல் பாதிப் பாரம் திறந்த கதவு வழியாக நேரே தளத்தில் விழும். பிறகு கதவைச் சாத்தி மிச்சத்தை ஏற்றலாம்.

எல்லாம் சேர்த்து எனக்கு ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது; தகடும் ஆங்கிளும் பழசு.

அடுத்தது எருக்குழி ஓரப் பள்ளம். வண்டியின் இரண்டு சக்கரமும் இறங்குகிற மாதிரி, 8 அங்குல ஆழத்தில் இரண்டு தடம் வெட்டினோம். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். நடுவில் 14 அடிக்குச் சமதளம் வேண்டும், டிராக்டரின் பின் சக்கரமும் டிரெய்லர் சக்கரமும் ஒன்றாக உள்ளே நிற்க வேண்டுமே. இரு முனையிலும் 4 அடிக்குச் சரிவு விட்டால் 8 அங்குலம் ஏறி இறங்கச் சிரமம் இருக்காது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகிற மாதிரி வெட்டுங்கள். பாரத்தோடு ரிவர்ஸ் எடுக்கிற வேலை மிச்சம். அடியில் ஜல்லியும் கிராவலும் கொட்டி இடித்து, தாழ்ந்த பக்கம் ஒரு வடிகால் விடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டினால் தடம் சேற்றுக்குழியாகிவிடும். பள்ளம் வெட்டுவதற்கு முன் டிராக்டரின் அடிவயிறு நடு மேட்டில் தட்டாது என்பதை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவில் அளவு இப்படி வந்தது: தளம் 34 அங்குலத்திலிருந்து 30, பள்ளத்தில் நிற்கும்போது 22. பலகை விளிம்பு 50-லிருந்து 46, பள்ளத்தில் 38. தோளுக்கு மேல் போன கூடை இப்போது முழங்கை உயரத்தோடு நின்றுவிடுகிறது. நடையும் கூடவில்லை, ஏக்கருக்கு அதே 5 நடைதான்.

கொக்கியை மறக்காதீர்கள்

டிரெய்லர் இறங்கியது, டிராக்டர் கொக்கி இறங்கவில்லை. ஆக்சிலிலிருந்து கொக்கி வரை 8 அடி என்றால், 4 அங்குல இறக்கத்துக்கு 7 அடித் தளத்தின் பின்முனை முன்முனையைவிட மூன்றரை அங்குலம் தாழும். பாரம் பின்னால் சரியும். கொக்கியின் மேல் அழுத்தம் குறைந்து, மேடு ஏறும்போது இழுவைத் தண்டு டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும்.

இதற்காக டிராக்டர் பக்கத்துக் கொக்கியில் கை வைக்காதீர்கள். அதன் உயரம் கம்பெனி வைத்தபடியே இருக்கட்டும். பின் ஆக்சிலைவிட உயரமான இடத்தில் பாரத்தைக் கட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். மாற்ற வேண்டியது டிரெய்லரின் வளையத்தை. இழுவைத் தண்டின் முனையில் 4 அங்குலம் மேலே வளையத்தை வைத்து, இரு புறமும் முக்கோணத் தகடு கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். பிறகு தளத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாரம் ஏற்றிய வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, இழுவைத் தண்டின் முனையை மண்டித் தராசு மேல் ஒரு கட்டை வைத்து உட்காரவையுங்கள். மொத்தம் 1,000 கிலோ என்றால் தராசு 100-க்கும் 150-க்கும் நடுவில் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் பாரத்தை முன்னால் நகர்த்துங்கள்.

தாழ்ந்த வண்டி சாயாதா?

சாயும். கொஞ்சம் தாமதமாகச் சாயும், அவ்வளவுதான். சக்கர இடைவெளி 48 அங்குலம், எருப் பாரத்தின் எடைமையம் 42 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கச் சக்கரம் 24 அங்குலம் ஏறினால் நிற்கிற வண்டி கவிழும். மையம் 38-க்கு இறங்கினால் அது இருபத்தைந்தரை ஆகும். ஒன்றரை அங்குல லாபம். வைக்கோல் பாரத்தில் மையம் 60 அங்குலத்துக்குப் போய்விடும். அப்போது 18 அங்குலமே போதும். ஓடுகிற வண்டி, வளைவில், குலுங்கும்போது இதைவிடச் சீக்கிரம் சாயும். வண்டி தாழ்ந்துவிட்டதே என்று வைக்கோலை ஒரு அடுக்கு கூட்டிக் கட்டாதீர்கள்.

சட்டமும் கடனும்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 52-வது பிரிவு சொல்கிறது. ஆகவே பதிவான டிரெய்லரை வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கடனில் வாங்கியது என்றால் கடன் தீரும்வரை அது வங்கிக்கு ஈடாக உள்ள சொத்து. மேனேஜருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நேரத்தில்தான் கண்ணுக்குப் படும். பதிவில்லாமல் வீட்டில் கட்டிய வண்டியைத் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

இதில் எதுவும் இப்போது செய்ய வசதியில்லை என்றால், பள்ளத்தையாவது வெட்டுங்கள். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை, நாலு தட்டு கிராவல். அடுத்த முறை எரு அடிக்கும்போது டேப்பை எடுத்துப் பலகை விளிம்பையும், கூடை தூக்குகிறவரின் தோளையும் அளந்து பாருங்கள். விளிம்பு தோளுக்கு மேலே இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது.